காலில் முள், கல்லீரலில் பரபரப்பு

என் அத்தை பள்ளிகொண்டா பக்கத்தில் இருக்கிறார். பாலாற்றங்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு போனபோது சீமைக்கருவேல முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டார், மஞ்சளைக் குழைத்து வைத்துக் கட்டினார், வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் கணுக்கால் வரை சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சலும் வந்து படுத்த பிறகுதான் எனக்குப் போன் வந்தது. வேலூருக்குக் கூட்டிவந்தோம். டாக்டர் காலைப் பார்த்தவுடனே ஊசி மருந்தைத் தொடங்கிவிட்டார். கூடவே ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

சாயங்காலம் தாள் வந்தது. சி.ஆர்.பி. என்ற புரதம் 148. ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணுக்கள் அடியில் இறங்கும் வேகம், 76. அல்புமின் என்ற இன்னொரு புரதம் 2.9. மூன்றின் பக்கத்திலும் தடித்த எழுத்து. நான் காட்பாடியில் ஒரு லேபில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவன். அதனால் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. “இதெல்லாம் ஈரல் செய்யற சரக்கோட கணக்கு அத்தே” என்றேன்.

“இன்னாடா சொல்ற? முள்ளு குத்தினது கால்ல. ஈரலு இன்னாத்துக்கு நடுவுல வருது? அதுவும் கெட்டுப்போச்சா?”

கெட்டுப்போகவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்பதால்தான் அந்த 148. லேபில் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் இதே கேள்வியைக் கேட்கும்போது “டாக்டரைக் கேளுங்க” என்று சொல்லிவிடுவேன். அதுதான் எங்கள் வேலைக்கான ஒழுங்கு. அத்தையிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சாதாரண நாளில் ஈரல்

பெரியவர்களின் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரை கிலோ. பித்தம் சுரக்கும், சர்க்கரையைச் சேமிக்கும், மருந்தையும் சாராயத்தையும் உடைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாத வேலை ஒன்று உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மிதக்கிற புரதங்களில், நோயெதிர்ப்பு அணுக்கள் செய்யும் ஆன்டிபாடிகளை விட்டுவிட்டால், மற்றவற்றில் பெரும்பகுதி ஈரலில் செய்ததுதான். அல்புமின் மட்டுமே ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் வரை தயாராகிறது. ரத்தம் உறைவதற்கான புரதங்கள், இரும்பைச் சுமக்கும் புரதம், ஹார்மோன்களைச் சுமக்கும் புரதம் என்று பட்டியல் நீளம்.

வேலூரில் தோட்டப்பாளையம் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு அங்கே உள்ள மெஸ்கள் தெரிந்திருக்கும். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்களுக்காக வங்காள எழுத்திலும் போர்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒரு மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் இட்லி, சோறு, மீன் குழம்பு. ஒரு நாள் காலையில் ஒரு சீட்டு வருகிறது: “மதியத்துக்குள் ஐந்நூறு பிரியாணிப் பொட்டலம் வேண்டும்.” அடுப்பு அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். இட்லிக் கொப்பரையை இறக்கிவிட்டுப் பிரியாணி அண்டாவை ஏற்ற வேண்டும். உடலில் அழற்சி, அதாவது சிவந்து சுட்டு வீங்கும் எதிர்வினை, வந்தால் ஈரலுக்கும் இப்படி ஒரு சீட்டு வருகிறது. சிலதை ஆயிரம் மடங்கு கூட்டு, சிலதைக் குறை. அதை எழுதுபவை நோயெதிர்ப்பு அணுக்கள்.

சீட்டு எழுதும் அணுக்கள்

முள்ளோடு தோலில் இருந்த பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கிறது. தோலுக்கு அடியில் மேக்ரோபேஜ் என்னும் பெரிய விழுங்கணுக்கள் எந்நேரமும் உட்கார்ந்திருக்கின்றன. கிருமிகளின் மேலுறையில் மட்டுமே இருக்கும் சில வேதிப்பொருள்களைத் தொட்டு அறிய அவற்றின் மேல் ஏற்பிகள் உண்டு. தொட்டதும் இரண்டு வேலை தொடங்கும். ஒன்று, கிருமியை விழுங்குவது. மற்றது, செய்தி அனுப்புவது.

செய்தி என்பது சைட்டோகைன் என்னும் சிறு புரதங்கள். நமக்கு இங்கே மூன்று போதும்: டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6. முதல் இரண்டும் சீக்கிரம் வெளிவரும். அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கும். பாதம் சிவந்து சுடுவதும் வீங்குவதும் இதன் விளைவுதான். அவை மற்ற அணுக்களையும் தூண்டி இன்டர்லூக்கின்-6-ஐப் பெருமளவில் சுரக்க வைக்கும். இந்த ஆறாம் நம்பர் ஆசாமிதான் ரத்தத்தில் ஏறி, பாதத்திலிருந்து ஈரல் வரை பயணம் போகிறார்.

வேலூர்க்காரர்களுக்கு இங்கே சிப்பாய்ப் புரட்சி நடந்த 1806 ஜூலை 10 ஞாபகம் வரலாம். கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததும், வெளியே இருந்த வெள்ளை அதிகாரி ஒருவர் ஆற்காட்டுக்குக் குதிரையை விரட்ட, அங்கிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி படையோடு வந்தான். கலவரம் ஓரிடம், தகவல் போவது இன்னோரிடம், படை கிளம்புவது அங்கிருந்து. உவமை கச்சிதமாகப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் நம் சிப்பாய்கள் கிருமி ஆகிவிடுவார்கள். வேண்டாம், மெஸ்ஸுக்கே திரும்புவோம்.

ஈரலுக்குள்ளேயும் நோயெதிர்ப்பு அணுக்கள் குடியிருக்கின்றன. குப்ஃபர் அணுக்கள் என்று பெயர். 1876-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் ஈரலில் நட்சத்திர வடிவ அணுக்களைப் பார்த்து எழுதினார்; அவருடைய பெயர் இவற்றுக்கு நிலைத்துவிட்டது. இவையும் மேக்ரோபேஜ்தான். திசுக்களில் நிலையாகத் தங்கியிருக்கும் மேக்ரோபேஜ்களில் மிகப் பெரிய பங்கு இங்கே ஈரலில்தான் இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுக்க ஈரல் வழியாகத்தான் போயாக வேண்டும், அதில் என்னென்னவோ கலந்து வரும் என்பதால் இந்த ஏற்பாடு. ரத்தத்தில் கிருமியின் துணுக்கு வந்தால், தூரத்துச் செய்திக்குக் காத்திராமல், பக்கத்திலேயே இருக்கும் ஈரல் அணுக்களுக்குக் குப்ஃபர் அணுக்களே சைட்டோகைனைக் கொடுத்துவிடும். மெஸ்ஸுக்குள்ளேயே ஒரு மேஸ்திரி நிற்பது போல.

இன்டர்லூக்கின்-6-க்கு ஒரு பழைய கதை உண்டு. 1980-களில் ஒரு ஆய்வுக்கூடம் ஆன்டிபாடி சுரக்கத் தூண்டும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஈரலைத் தூண்டும் பொருளைத் தேடியது. வேறொன்று புற்றணுக்கள் சில வளர உதவும் பொருளைத் தேடியது. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் 1986-ல் தங்களுடைய பொருளின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது மற்றவர்கள் தேடியதும் அதேதான் என்று தெரிந்தது. வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், ஊரில் ஒரு பேர் என்று இருக்கும் பையனைப் போல. கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நம்பரை வைத்து முடித்தார்கள்.

அணுவுக்குள் நடப்பது

ஈரல் அணுவின் மேல் இன்டர்லூக்கின்-6-க்கான ஏற்பி இருக்கிறது. அதில் போய் ஒட்டியதும், பக்கத்தில் இருக்கும் ஜிபி-130 என்ற துணை ஏற்பி சேர்ந்துகொள்ளும். துணை ஏற்பியின் வால் அணுவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாலில் ஜாக் என்னும் நொதி ஒட்டியிருக்கும். வெளியே சீட்டு வந்து சேர்ந்ததும் ஜாக் விழிக்கிறது. ஸ்டாட்-3 என்ற புரதத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. முத்திரை குத்திய தாள் மாதிரி இது. அப்புறம் ஸ்டாட்-3-கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குள் நுழைந்து, சி.ஆர்.பி. போன்ற புரதங்களின் மரபணுக்கள் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன, புரதம் தயாராகிறது, ரத்தத்தில் இறங்குகிறது.

இன்டர்லூக்கின்-1-உம் டி.என்.எஃப்.-உம் வேறு வழியாக, என்.எஃப்.-கப்பா-பி என்ற இன்னொரு தூதன் மூலமாக, உள்ளே போகின்றன. சில புரதங்களுக்கு இன்டர்லூக்கின்-6 மட்டுமே போதும். ஃபைப்ரினோஜன் அந்த வகை. சி.ஆர்.பி.-க்கு இன்டர்லூக்கின்-6-உம் 1-உம் சேர்ந்து தட்டினால் உற்பத்தி தனித்தனியாகத் தட்டியதைவிடப் பல மடங்கு ஏறும்.

இதே ஸ்டாட்-3 சாக்ஸ்-3 என்ற இன்னொரு புரதத்தையும் செய்யச் சொல்கிறது. அதன் வேலை ஜாக்கைத் தடுப்பது. முடிவில்லாமல் ஓடாதபடி தொடக்கத்திலேயே போட்டு வைத்த பிரேக்.

சி.ஆர்.பி. என்னும் பெரிய நம்பர்

1930-ல், பென்சிலின் கைக்கு வராத காலம். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிலையத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தநீரை எடுத்து, நிமோனியா பாக்டீரியாவிலிருந்து பிரித்த பொருள்களோடு கலந்து பார்த்தார்கள். அதில் ‘சி’ என்று பெயரிட்ட சர்க்கரைப் பொருளோடு கலந்தபோது ரத்தநீர் கலங்கி வண்டல் விழுந்தது. நோய் முற்றிய நாட்களில் கலங்கியது. ஆள் தேறியதும் கலங்கவில்லை. ஆன்டிபாடியாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, தேறும்போதுதான் கூட வேண்டும். ஆகவே இது வேறு ஏதோ என்று புரிந்தது. ‘சி’-யோடு வினைபுரியும் புரதம் என்பதால் சி-ரியாக்டிவ் புரோட்டீன். ஆங்கிலத்தில் ‘சி’ என்றதும் கால்சியமா, கேன்சரா என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லை.

இன்றைக்கு எங்கள் லேபில் நடப்பதும் கிட்டத்தட்ட அதே கலங்கல்தான். சி.ஆர்.பி.-யைப் பிடிக்கும் ஆன்டிபாடி பூசிய நுண்துகள்களைச் சேர்ப்போம். கலங்கும் அளவை இயந்திரம் ஒளியை வைத்து அளந்துவிடும்.

இது ரத்தத்தில் எதற்கு? ஐந்து ஒரே மாதிரியான துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த புரதம் இது. பாக்டீரியாவின் மேலும், செத்துப்போன நம் அணுக்களின் மேலும் தெரியும் பாஸ்ஃபோகோலின் என்ற பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் விழுங்கணுக்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். கூடவே காம்ப்ளிமென்ட் என்ற இன்னொரு தாக்குதல் வரிசையையும் அது கிளப்பிவிடும். சரியான ஆன்டிபாடி தயாராக ஒரு வாரம் போல ஆகும். அதுவரைக்கும் ஆளைத் தாங்கிப்பிடிப்பவற்றில் இதுவும் ஒன்று.

நல்ல உடம்பில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கும். கிருமி தாக்கிய சுமார் 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, 48 மணி நேரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். பெரிய பாக்டீரியா தொற்றில் 100-ஐத் தாண்டுவது சாதாரணம். 500-ஐத் தாண்டுவதும் உண்டு. அத்தையின் 148 இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ரத்தத்தில் இருக்கும் சி.ஆர்.பி. பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணி நேரம் ஆகும். ஆள் நோயாளியானாலும் நல்லபடி இருந்தாலும் இந்த 19 மணி நேரம் அநேகமாக மாறுவதில்லை. அதாவது தாளில் எண் கூடியிருந்தால் காரணம் ஒன்றே ஒன்று: ஈரல் அதிகமாகச் செய்கிறது. எண் சரசரவென்று இறங்கினால் சீட்டு வருவது நின்றுவிட்டது என்று பொருள். டாக்டர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் இதையே திரும்பத் திரும்ப எழுதுவது லேபுக்கு வருமானம் வரட்டும் என்று அல்ல. மருந்து பிடிக்கிறதா என்று தெரிய, ஒரு எண்ணைவிட இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கும் சரிவு அதிகம் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன. லிட்டருக்கு 148 என்பதும் டெசிலிட்டருக்கு 14.8 என்பதும் ஒன்றேதான். ஒரு லேபில் 14.8 வாங்கி, மறுநாள் வேறு லேபில் 120 வந்ததும், எட்டு மடங்கு ஏறிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவர்களுக்கு இறங்கியிருந்தது.

ஈ.எஸ்.ஆர். ஏன் இறங்க மாட்டேன் என்கிறது

சீட்டில் கூட்டச் சொல்லும் இன்னொரு சரக்கு ஃபைப்ரினோஜன். ரத்தம் உறையத் தேவையான புரதம். காயம் பட்ட இடத்தில் அடைப்பு போட வேண்டுமே, அதற்காக இரண்டு மூன்று மடங்கு கூடும். சிவப்பணுக்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். ஃபைப்ரினோஜன் கூடினால் அந்தத் தள்ளல் மங்கிப்போய், அவை காசு அடுக்கினாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனமாவதால் வேகமாக அடியில் இறங்கும். நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்த்தால் அதுதான் ஈ.எஸ்.ஆர். எனவே இதுவும் சுற்றிவளைத்து ஈரலை அளப்பதுதான்.

ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் நாட்கணக்கில் தங்கும். அதனால் சி.ஆர்.பி. இறங்கிய பிறகும் ஈ.எஸ்.ஆர். மேலேயே நிற்கும். ரத்தசோகையும் வயதும் கர்ப்பமும்கூட அதை ஏற்றும். வேகமாக மாறும் நோய்க்கு இது மந்தமான சாட்சி.

கூட்டுகிற பட்டியலில் மற்றவையும் உண்டு. ஹாப்டோகுளோபின், காம்ப்ளிமென்ட் சி-3, செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடும். சீரம் அமிலாய்டு ஏ மட்டும் சி.ஆர்.பி. போலவே ஆயிரம் மடங்கு வரை ஏறும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இறக்கி வைத்த இட்லிக் கொப்பரை

அல்புமின் 3.5-க்கு மேல் இருக்க வேண்டும், அத்தைக்கு 2.9. “உடம்புல சத்து இல்ல, தினமும் நாலு முட்டை வெள்ளைக்கரு குடுங்க” என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

அல்புமினைக் குறைக்கச் சொல்வதும் அதே இன்டர்லூக்கின்-6-தான். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் டிரான்ஸ்தைரெடின் இரண்டும் இதே பட்டியலில் குறையும். ஆனால் இங்கே ஒரு நெருடல். ரத்தத்தில் அல்புமின் பாதியாகக் குறைய மூன்று வாரம் போல ஆகும். உற்பத்தியை மட்டும் நிறுத்தினால் மூன்று நாளில் இவ்வளவு இறங்காது. அழற்சியில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் தளர்ந்துபோவதால் அல்புமின் வெளியே திசுக்களுக்குள் கசிகிறது. முதல் சில நாட்களில் அளவு இறங்குவதற்குப் பெரிய காரணம் அந்தக் கசிவுதான். ஈரல் உற்பத்தியைக் குறைத்துவிட்டதால் அந்தக் குறை நிரம்பாமல் நிற்கிறது. பாட நூல்களில் ‘குறையும்’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுவதால், நான்கூட ரொம்ப நாள் எல்லாம் உற்பத்திக் குறைவு என்றே நினைத்திருந்தேன்.

முட்டை சாப்பிடுவது தப்பே இல்லை. புதுப் புரதம் செய்யத் தேவைப்படும் அமினோ அமிலங்களுக்காக உடல் தசையைக் கரைக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் கைகால் மெலிந்து தெரிவது அதனால்தான். நன்றாகச் சாப்பிட்டால் தசைக்கு நல்லது. ஆனால் சீட்டு வந்துகொண்டிருக்கும் வரை எத்தனை முட்டை போட்டாலும் அல்புமின் எண் ஏறிவிடாது. அரிசி மூட்டை நிறைய வந்திறங்கினாலும் அடுப்பில் இருப்பது பிரியாணி அண்டாதானே.

அல்புமின் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரில் புரதம் போனாலும் குறையும், ஈரலே சுருங்கிக் கெட்டுப்போனாலும் குறையும். அதனால்தான் டாக்டர் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் என்னும் பித்த நிறமி எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார். எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் அணு உடைந்தால் உள்ளிருந்து கொட்டும் நொதி, சி.ஆர்.பி. உயிரோடு இருக்கும் ஈரல் அணு உழைத்துச் செய்யும் பொருள். இரண்டையும் ஒன்றாக்கி, சி.ஆர்.பி. கூடியவருக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

பீரோவில் பூட்டிய இரும்பு

குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் கையை மடக்க முடியாது. முடக்குவாத மூட்டழற்சி. பீடி சுற்றுகிறவருக்கு விரல்தானே பிழைப்பு. அவருக்கு ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவே இல்லை. இரும்பு டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று இரண்டு வருடம். எண் அசையவில்லை.

இதற்கும் விடை அதே சீட்டில் இருக்கிறது. இன்டர்லூக்கின்-6 ஈரலைச் செய்யச் சொல்லும் இன்னொன்று ஹெப்சிடின். வெறும் 25 அமினோ அமிலங்கள் உள்ள குட்டிப் பொருள். 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் கண்டுபிடித்தார்கள். முதலில் இது கிருமியைக் கொல்லும் பொருள் என்று நினைத்து, ஈரல், கிருமிக்கொல்லி இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அதன் உண்மையான பெரிய வேலை இரும்பு நிர்வாகம் என்று பிறகு தெரிந்தது.

புதிய சிவப்பணு செய்ய ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. சாப்பாட்டிலிருந்து குடல் எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் எங்கிருந்து? கிழடு தட்டிய சிவப்பணுக்களை மேக்ரோபேஜ்கள் விழுங்கி, உள்ளிருக்கும் இரும்பைத் திருப்பி ரத்தத்தில் விடுகின்றன. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குகிற கணக்கு. இரும்பு அணுவிலிருந்து வெளியேற ஃபெர்ரோபோர்டின் என்று ஒரே ஒரு கதவுதான் உண்டு. ஹெப்சிடின் அந்தக் கதவில் ஒட்டி அதையே அழித்துவிடும். மேக்ரோபேஜ் விழுங்கிய இரும்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். குடல் அணு உறிஞ்சிய இரும்பும் ரத்தத்துக்குள் வராது.

ஊரில் திருடன் நடமாட்டம் என்றால் நகையைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம் இல்லையா, அதுதான் இது. பாக்டீரியா பெருகவும் இரும்பு வேண்டும். ரத்தத்தில் இரும்பு இல்லையென்றால் அது திணறும். நாலு நாள் தொற்றுக்கு இது அருமையான தந்திரம். அத்தைக்கு ரத்த இரும்பு குறைந்தாலும், அந்த நாலு நாளில் ஹீமோகுளோபின் பெரிதாக ஆடாது. மூட்டழற்சி வருடக்கணக்கில் ஓடும். திருடன் இல்லாத ஊரில் பீரோ பூட்டியே கிடக்கிறது. சிவப்பணு செய்யும் எலும்பு மஜ்ஜை இரும்புக்கு ஏங்குகிறது.

குடியாத்தம் அக்காவின் ஃபெர்ரிட்டின் 380. சேமிப்பு இரும்பைக் காட்டும் புரதம் அது. சாதாரண இரும்புச்சத்துக் குறைவில் பத்து பதினைந்துக்குப் போய்விடும். இவருக்கு வீடு நிறைய இரும்பு இருந்தும் கைக்கு வரவில்லை. மூட்டழற்சிக்கு முறையான மருந்து தொடங்கி ஏழெட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் பதினொன்றரைக்கு வந்தது. டானிக்கை அவர் அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நம் பெண்களில் பலருக்கு வருவது நிஜமான இரும்புச்சத்துக் குறைவு. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் தானாகவே ஏறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை.

சீட்டு நிற்காமல் வந்தால்

சீரம் அமிலாய்டு ஏ பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். அது சில நாள் ஏறி இறங்கினால் தொந்தரவு இல்லை. வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் சிலருக்கு அதன் உடைந்த துண்டுகள் நார் போலத் திரண்டு சிறுநீரகத்தில் படியும். அமிலாய்டோசிஸ். ஈரலில் செய்த பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாட்பட்ட காசநோய், நாட்பட்ட மூட்டழற்சி இரண்டிலும் இது தெரிந்த விஷயம். தொழுநோயிலும் உண்டு. தொழுநோயின் ஒரு வகையில் காய்ச்சலும் வலியுள்ள சிவந்த கட்டிகளுமாக அழற்சி அடிக்கடி கிளம்பும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் அமிலாய்டு சேருவதைப் பார்த்திருக்கிறார்கள். வேலூரை ஒட்டிய கரிகிரியில் 1955-ல் தொழுநோய்க்கென்றே தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பழைய மருத்துவர்களுக்கு, கையிலும் காலிலும் இருக்கும் நோய் சிறுநீரகத்தில் வந்து முடியும் என்பது புதுச் செய்தியாக இருக்காது.

எண் பொய் சொல்லும் இடங்கள்

கொரோனா காலத்தில் இன்டர்லூக்கின்-6 என்ற பெயர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அப்போது டோசிலிசுமாப் என்ற ஊசியைத் தேடி எல்லோரும் அலைந்தார்கள். அது இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைக்கும் மருந்து. முதலில் முடக்குவாதத்துக்குத்தான் பெரிதாகப் பயன்பட்டது. சீட்டு வருகிறது, வாங்கத்தான் ஆள் இல்லை. எனவே இந்த ஊசி போட்டவருக்கு உள்ளே பெரிய பாக்டீரியா தொற்றே இருந்தாலும் சி.ஆர்.பி. சாதுவாக ஒன்றோ இரண்டோ காட்டலாம். எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஈரல் சுருங்கி முற்றிய நோயாளிக்கும் இதே கதை: சீட்டும் வருகிறது, ஏற்பியும் இருக்கிறது, சமைக்க ஆள் போதவில்லை.

இன்னொரு பக்கம், சி.ஆர்.பி. கூடினால் எங்கே, எதனால் என்று அது சொல்லாது. அறுவை சிகிச்சை செய்த மறுநாள் கிருமியே இல்லாமல் கூடும். பருத்த உடம்பில் கொழுப்புத் திசுவே கொஞ்சம் இன்டர்லூக்கின்-6 சுரப்பதால் லேசாகக் கூடியே இருக்கும். நம் பக்கத்தில் மழையும் குளிருமான மாதங்களில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. அதிலும் சி.ஆர்.பி. ஏறும். ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது அந்த எண் இல்லை. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ பீடி நெருப்பு பட்டது போல இருக்கும் ஒரு கருப்புப் பொருக்கு. அதைத் துணியை விலக்கித் தேடித்தான் பார்க்க வேண்டும். எந்த இயந்திரமும் தேடித் தராது.

அத்தைக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். சி.ஆர்.பி. 61. வீக்கம் முழங்காலை நோக்கி ஏறாமல் நின்று, காய்ச்சலும் விட்டிருந்தது. ஈ.எஸ்.ஆர். 84. “இது மட்டும் ஏறிப் போச்சே” என்று அத்தை முகம் சுருங்கினார். ஃபைப்ரினோஜன் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, “அப்ப இது நேத்தைய பேப்பர்னு சொல்லு” என்றார். என் பதினைந்து வருட அனுபவத்தில் ஈ.எஸ்.ஆருக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கம் சொன்னதில்லை.

மூன்றாம் முறை எடுத்தபோது சி.ஆர்.பி. 9. அல்புமின் 3.2-இல்தான் நின்றது, அது இன்னும் சில வாரம் எடுக்கும். நடுவில் ஒரு நாள் டாக்டர் பாதத்தைக் கீறிச் சீழை வெளியேற்றியபோது, உள்ளே ஒடிந்து தங்கியிருந்த முள் நுனி வந்தது. அத்தை அதைக் கேட்டு வாங்கி, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.